நார்மல் என்று எழுதிய டியூப்

ஊசி குத்துவதற்கு முன்னால் சுப்புராயன் ஊர் கேட்பார்.

நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் கையை நீட்டிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பியிருப்பார். ரப்பர் குழாயை முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டி, நரம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தபடி, "எந்த ஊரு?" என்பார் சுப்புராயன். வந்தவாசி என்றோ கோவில்பட்டி என்றோ பதில் வரும். "அடடே, கோவில்பட்டியா! பஸ் ஸ்டாண்டு எதிர்ல ஒரு டீக்கட இருக்குமே, இப்பவும் கீதா?" உட்கார்ந்திருப்பவர் டீக்கடையை மனதுக்குள் தேடி முடிப்பதற்குள் டியூபில் ரத்தம் ஏறியிருக்கும். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் டீக்கடை இல்லாத ஊர் எது?

சுப்புராயன் தெற்கே தாம்பரத்தைத் தாண்டிப் போனதில்லை. நொச்சிக்குப்பத்தில் பிறந்து, கடலுக்குப் போக பயந்து, பத்தாவது முடித்ததும் மயிலாப்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பாட்டில் கழுவச் சேர்ந்தவர். ஒருநாள் ஊசி போடுபவர் வரவில்லை. இவரைக் குத்தச் சொன்னார்கள். இடதுகைக்காரர், ஆனாலும் குத்தியது வலிக்கவில்லை என்றார்களாம். அப்படியே இருபது வருஷம். பிறகு டாக்டர் பத்ரிநாராயணன் அடையாறில் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து எச்.ஐ.வி. பரிசோதனைக் கூடம் ஆரம்பித்தபோது, ரத்தம் எடுக்க வேறு யாரும் வர மறுத்ததால் சுப்புராயன் வந்தார். மற்றவர்கள் இரண்டு கையுறை மாட்டிக்கொண்டு தொட்ட கைகளை அவர் ஒரே கையுறையோடு தொட்டார். வந்தவர்கள் அதைக் கவனித்தார்கள். தெரு பேர் தெரியாதவர்கள்கூட "ஊர் கேப்பாரே, அந்த இடம்" என்று ஆட்டோக்காரரிடம் வழி கேட்டு வந்தார்கள்.

ரூபீனா 1993இல் அங்கே சேர்ந்தாள். மீர்சாகிப்பேட்டையில் ஆட்டோவுக்கு ரெக்சின் சீட் தைக்கும் அன்வர் பாஷாவின் மூத்த மகள். அந்தச் சந்திலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள். பி.எஸ்ஸி. நுண்ணுயிரியல். படித்தது எதற்கு என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. படிக்கச் சொன்னார்கள், படித்தாள், மார்க் வந்தது, வேலை வந்தது. முன்னறையில் சுப்புராயன் எடுக்கும் டியூபுகளைப் பின்னறைக்குக் கொண்டுபோய் நம்பர் ஒட்டுவாள். அந்தக் கூடத்தில் ஒரே ஒரு சட்டம்தான் கெட்டியாக இருந்தது: பேர் வாயிலிருந்து வெளியே வரக்கூடாது. அப்பாவிடம் சொல்லக்கூடாது, பக்கத்து மேசையில் இருப்பவரிடம்கூட. டியூபுக்கு நம்பர்தான் உண்டு, பேர் கிடையாது.

96இல் ஊரின் பெயரை மெட்ராஸிலிருந்து சென்னை என்று மாற்றினார்கள். ("இனிமே என்னாண்ட யாராவது எந்த ஊருன்னு கேட்டா இன்னா சொல்றது?" என்றார் சுப்புராயன்.) அதே சமயத்தில் பின்னறைக்குப் புது இயந்திரம் வந்தது. ஒரு துளியில் ஒளிந்திருக்கும் வைரஸின் துணுக்கைக் கோடிக்கணக்காகப் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். இயந்திரம். அதோடு ஒரு ஆராய்ச்சித் திட்டமும் வந்தது.

எச்.ஐ.வி. ஒரே வைரஸ் இல்லை. அது போன இடமெல்லாம் மாறியது. ஏ, பி, சி என்று வகைகள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரும்பாலும் பி. தாய்லாந்தில் பி-யிலேயே ஒரு தனி ரகம் உண்டு. ஆப்பிரிக்காவின் தெற்கில் சி. நம் பக்கமும் சிதான் அதிகம் என்று தெரிய ஆரம்பித்திருந்தது. "நாளைக்குத் தடுப்பூசின்னு ஒண்ணு வந்தா, அது பி-க்குப் பண்ணினதா இருந்தா நமக்கு உபயோகப்படுமா? நம்ம ஊர்ல எது இருக்குன்னு நாமதானே பாத்துச் சொல்லணும்?" என்றார் டாக்டர். அந்தப் பின்னறை வேலைக்கு ரூபீனாவைப் போட்டார். முதலில் சில மாதத்துக்குத்தான். மார்ச்சில் பார்த்துவிட்டு நீட்டிப்பதாகச் சொன்னார். நீட்டித்தால் மேலே படிக்க அவரே ஏற்பாடு செய்வார்.

வீட்டில் சொன்னாள். "மார்ச் வரைக்கும் மாப்பிள்ளை பேச்சை எடுக்கல, போ" என்றார் அன்வர் பாஷா. அது பெரிய சலுகை.

வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. வேறு நாட்டிலிருந்து வந்த மாதிரிகள் சின்னக் குப்பிகளில் இருந்தன: ஏ, பி, சி. நம் ஆள் ஒருவரின் வைரஸ் துணுக்கோடு அவற்றை ஒவ்வொன்றாகக் கலந்து, சூடாக்கி, ஆறவிட வேண்டும். இழைகள் பிரிந்து மறுபடி ஜோடி சேரும். நெருங்கிய சொந்தமானால் ஒன்றோடொன்று படிந்து, மின்சாரம் பாய்ச்சிய ஜெல் கூழில் வேகமாக ஓடும். தூரத்துச் சொந்தமானால் அங்கங்கே புடைத்துக்கொண்டு பின்தங்கும். இருட்டறையில் ஊதா விளக்கைப் போட்டால் ஆரஞ்சுக் கோடுகள் தெரியும். எந்தக் கோடு முன்னால் ஓடியிருக்கிறதோ அதுதான் வகை. நம்பர் நம்பராக ஓட்டினாள். சி, சி, சி, மறுபடியும் சி.

ஒவ்வொரு முறையும் நோயாளிகளின் டியூபுகளோடு நோயில்லாத ஒருவரின் ரத்தத்தையும் சேர்த்து ஓட்டுவார்கள். அதில் கோடு வரக்கூடாது. வந்தால் வேலை எங்கோ அசுத்தமாகிவிட்டது என்று அர்த்தம். அந்த டியூபின் மேல் 'நார்மல்' என்று எழுதியிருக்கும். அது எப்போதும் சுப்புராயனின் ரத்தம். திங்கட்கிழமை காலையில் ரப்பர் குழாயின் ஒரு முனையைப் பல்லில் கடித்து இழுத்து, இடது கையால் தன் வலது கையில் தானே குத்தி எடுத்துத் தருவார். வேறு யாராவது தருகிறேன் என்றால், "நீங்கள்லாம் படிச்சவங்கோ, ரத்தம் சுண்டிப் போயிருக்கும்" என்பார். வேலைக்குச் சேர்ந்தபோது எல்லோருக்கும் பரிசோதனை செய்திருந்தார்கள். அதற்குப் பிறகு யாருக்கும் செய்யவில்லை. ஊருக்கெல்லாம் பரிசோதனை செய்கிறவர்களுக்குத் தங்களைச் சோதித்துப் பார்க்கத் தோன்றவில்லை. நார்மல் என்று எழுதியிருந்தது, அதனால் அது நார்மல்.

நவம்பரில், மழை விடாத ஒரு வாரத்தில், நார்மலில் கோடு வந்தது.

"என்ன பண்ணிருக்கே நீ?" டாக்டர் பத்ரிநாராயணன் ஜெல்லின் படத்தை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தார். "எங்கேயோ சிந்திருக்கே. பைப்பட் நுனியை மாத்தினியோ?"

"மாத்தினேன் சார்."

"மாத்தலேங்கிறது இதோ வந்துருக்கு பாரு."

மேசை முழுக்கக் கிருமி கொல்லும் ஹைப்போ ஊற்றித் துடைத்தாள். விரல் தோல் உரிந்தது. புது ரசாயனங்களைத் திறந்தாள். அடுத்த திங்கட்கிழமை சுப்புராயன் மறுபடி டியூபைத் தந்தார். மறுபடி கோடு. அதற்கடுத்த வாரமும். "உன் கைதான் ப்ராப்ளம். சில பேருக்கு இந்த வேலை வராது. தப்பில்லே, வராது, அவ்ளோதான்" என்றார் டாக்டர். அவர் கத்தியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

எந்த நோயாளியின் டியூபிலிருந்து சிந்தியிருக்கும் என்று தெரிந்தால் தன் தப்பு எங்கே என்று கண்டுபிடித்துவிடலாம். அதற்காகத்தான் நார்மலில் வந்த துணுக்கையும் ஏ, பி, சி மாதிரிகளோடு கலந்து ஓட்டினாள். சி வரும், எந்த சி என்று பிறகு பார்க்கலாம் என்று நினைத்தாள்.

சி பின்தங்கியது. ஏ-யும் பின்தங்கியது. பி முன்னால் ஓடியிருந்தது.

விளக்கை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள். அந்தக் கூடத்தில் அதுவரை பி வந்ததேயில்லை. மேசையில் இல்லாத ஒன்று எப்படிச் சிந்தும்? மாதிரிக் குப்பியே கசிந்திருக்குமோ? ஒவ்வொரு வாரமும் அந்தக் குப்பியைத் திறப்பதற்கு முன்பே கோடு வந்திருந்தது. மிச்சமிருந்த நார்மல் ரத்தத்தைச் சாதாரண எலைசா பரிசோதனையில் வைத்தாள். குழி மஞ்சளாக மாறியது. நோய் இருந்தால்தான் அப்படி மாறும். மறுநாள் இன்னொரு முறை வைத்தாள். அப்போதும் மஞ்சள்.

அவள் கை சுத்தம்தான். முதலில் தோன்றியது அதுதான். அதன் பிறகே சுப்புராயன் நினைவுக்கு வந்தார். அந்த வரிசையைப் பற்றிப் பின்னால் அவள் பலமுறை யோசித்திருக்கிறாள்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது முன்னறைக்குப் போனாள். ரத்தம் கொடுப்பவர் உட்காரும் நாற்காலியில் அவரே உட்கார்ந்து கம்பங்கூழ் குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா ரூபீனாம்மா, டாக்டரு பாட்டு இன்னிக்கும் உண்டா?"

"அண்ணா, நார்மல் டியூப டெஸ்ட் பண்ணேன்."

அவர் தூக்குச்சட்டியை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை. திருப்பி வைத்து அமுக்கினார்.

"ரெண்டு வாட்டியா?"

"ரெண்டு தடவ."

"ம்."

வெளியே ஓர் ஆட்டோ தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. அழுவார் என்று நினைத்து அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்திருந்தாள். அவர் அழவில்லை. அவளுக்கும் ஒன்றும் வரவில்லை. தினமும் இந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகும் யாரோ ஒருவரைப் போல அவர் இருந்தார். யாரோ ஒருவருக்குச் சொல்வதைப் போலத்தான் அவளும் சொன்னாள்.

"ஊசி கையில குத்திக்கினு கீதும்மா. மூணு வாட்டி. போன வருசங்கூட. டாக்டராண்ட அப்டியே சொல்லிர்றேன். வேலைல வந்ததுன்னா அவரு பாத்துக்குவாரு. நல்ல மனுசன்."

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அவர் டாக்டரிடம் அப்படிச் சொன்னால் டாக்டர் வகையைப் பார்ப்பார். அதனால் சொன்னாள். "அண்ணா, இங்க வர்றவங்களோடது எல்லாமே சி. உங்களுது பி."

"அப்டின்னா?"

"இங்க குத்தின ஊசிலேர்ந்து வந்திருக்காது. அநேகமா."

அவர் தன் வலது முழங்கையின் மடிப்பைப் பார்த்தார். திங்கட்கிழமைகளில் குத்திய இடம் கறுத்திருந்தது. பிறகு நிமிர்ந்து கேட்டார்:

"என்து எந்த ஊரு, அப்ப?"

"அமெரிக்கா, ஐரோப்பா... தாய்லாந்துப் பக்கமும் ஒரு மாதிரி. எந்த ஆள்கிட்டேர்ந்து வந்ததுன்னுலாம் இது சொல்லாதுண்ணா. வகைய மட்டுந்தான் காட்டும்."

"நான் பல்லாவரத்துக்கே பஸ் மாறித்தாம்மா போவேன்" என்றார். சிரிப்பு மாதிரி ஒன்று வந்து நின்றுவிட்டது. பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கப்பல்ல சமைக்கிற ஆளு ஒருத்தன். சரக்குக் கப்பலு. வருசத்துக்கு ரெண்டு வாட்டி வருவான். பெசன்ட் நகர்ல, மாதா கோயில் பின்னால மணல்ல உக்காந்து பேசிக்கினு இருப்போம். நல்லா பேசுவான். பாங்காக்கு, சிங்கப்பூரு, எல்லா ஊரும் சொல்லுவான். கட்ச்சியா ஆவணில வந்தான். கேக்காதம்மா இதுக்கு மேல."

அவள் கேட்கவில்லை. "அக்காவுக்குப் பாக்கணும்ணா" என்றாள்.

"கூட்டியாறேன்."

"டாக்டர்கிட்ட..."

"நானே சொல்றேன். தப்ப உன் தலைல வெச்சிக்கினு கீறாரு, தெரியும். எனக்கு ஒரு வாரம் குடு. வர்ற திங்கக்கிழமைக்கு மட்டும் உன் கையக் குடு. அதுக்கு அடுத்த திங்கக்கிழம நானே போயி, இது என்துங்க, அந்தப் பொண்ணு மேல தப்பில்லீங்கன்னு சொல்றேன். உன் ரத்தம் கடன், அவ்ளோதான்."

வெள்ளிக்கிழமை தேசம்மாவைக் கூட்டிவந்தார். நொச்சிக்குப்பம் ரோட்டில் மீன் விற்பவள். காலையில் கடையை விட்டுவிட்டு வந்த எரிச்சலில் இருந்தாள். சர்க்கரை வியாதிக்குப் பார்க்கிறார்கள் என்று சொல்லியிருந்தார். அது பொய் என்று ரூபீனாவுக்குத் தெரியும். நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், மறுக்கவில்லை. சுப்புராயன் மனைவியின் கையில் ரப்பர் குழாயைக் கட்டினார். நரம்பைத் தடவினார். வாய் தானாகச் சொல்லிவிட்டது:

"எந்த ஊரு?"

"கேக்குது பாரு! கட்டிக்கினு இத்தினி வருசம் கயிச்சி ஊரு கேக்குது!" தேசம்மா ரூபீனாவைப் பார்த்துச் சிரித்தாள். "பயவேற்காடு சாமி, பயவேற்காடு. பொண்ணு பாக்க வந்தப்ப எங்க வூட்டு எறா ஒரு சட்டி காலி பண்ணியே, ஞாபகம் கீதா? அப்ப கேட்டியா ஊரு?"

ரத்தம் ஏறிவிட்டிருந்தது. சுப்புராயன் பஞ்சை அழுத்தியபடி அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வுடு, மீனு நாறிப்பூடும்" என்று எழுந்து போனாள்.

அவளுக்கு நோய் இல்லை. ரூபீனா இரண்டு முறை பார்த்துவிட்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்றும் சொன்னாள். சுப்புராயன் தலையாட்டிவிட்டு, அடுத்து உட்கார்ந்திருந்தவரின் பக்கம் திரும்பினார். அன்று முழுவதும் யாரிடமும் ஊர் கேட்கவில்லை. ஊசி வலித்து இரண்டு பேர் கத்தினார்கள்.

திங்கட்கிழமை ரூபீனா கையை நீட்டினாள். அவர் டியூபின் மேல் நார்மல் என்று எழுதினார். ஜெல் ஓடியது. நார்மல் இருந்த இடம் வெறும் கறுப்பு. கோடு இல்லை.

டாக்டர் படத்தைப் பார்த்து முதல் முறையாகச் சிரித்தார். "பாத்தியா? கவனமா பண்ணினா வராது. அப்போ இத்தனை நாளும் கவனமில்லாமப் பண்ணிண்டிருந்தேன்னு ஆறது."

அவளுடைய சொந்த ரத்தத்தை வைத்தே அவள்மேல் குற்றம் முடிவானது. அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அவருக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் அது சரியான முடிவுதான். "வேற ஏதாவது தெரிஞ்சுதா உனக்கு? எங்கேர்ந்து வந்ததுன்னு?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

இன்னும் ஏழு நாள்தானே என்று நினைத்தாள்.

சொல்வதாகச் சொன்ன அந்தத் திங்கட்கிழமை சுப்புராயன் வரவில்லை. புதன்கிழமை மைத்துனன் ஒருவன் வந்து, அவருக்குக் கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில் வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டுச் சம்பள பாக்கியை வாங்கிக்கொண்டு போனான். டாக்டர் வருத்தப்பட்டார். "நல்ல கை" என்றார். ரூபீனா ஒரு ஞாயிற்றுக்கிழமை கே.கே. நகருக்குப் போய், தெருத் தெருவாக போர்டுகளைப் படித்துக்கொண்டு நடந்தாள். எந்த கிளினிக்கிலும் சுப்புராயன் என்று யாரும் இல்லை. நொச்சிக்குப்பத்துக்கும் போயிருக்கலாம். தேசம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால் போகவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்று சொன்னது மட்டும் அவ்வப்போது மனதில் வந்துபோனது.

அவளே டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். பேர் வெளியே வரக்கூடாது என்ற சட்டம் அவளைத் தடுத்ததா, அவர் சொல்வதாகச் சொன்ன வாக்கா, அல்லது சொல்லும் தைரியம் இல்லாததற்கு அந்த இரண்டும் நல்ல பேர்களா? இருட்டறையில் உட்கார்ந்து யோசிப்பாள். பதில் வரவில்லை என்பதில் அவளுக்குக் கவலைகூட வரவில்லை. எல்லாம் கையுறைக்கு அந்தப் பக்கம் நடப்பது போல இருந்தது.

மார்ச்சில் பின்னறை வேலைக்கு அச்யுத் என்று ஒரு பையன் வந்தான். எம்.எஸ்ஸி. முடித்தவன். ரத்தம் எடுக்க ஆள் இல்லாததால் ரூபீனாவை முன்னறைக்கு மாற்றினார்கள். சம்பளத்தில் மாற்றமில்லை. மேல்படிப்பைப் பற்றி டாக்டர் பிறகு பேசவில்லை.

"ரத்தம் எடுக்கறதுக்கா பி.எஸ்ஸி.?" என்றார் அன்வர் பாஷா. ரெக்சினில் ஊசி உடைந்து, அதைத் தேடிக்கொண்டிருந்தார். "நானும் ஊசிதான் குத்துறேன், ஆறாவதோட."

"ஆமா பாவா" என்றாள் அப்பாவிடம். மாப்பிள்ளை பேச்சு மறுபடி ஆரம்பித்தது.

டாக்டரின் கட்டுரை மறுவருஷம் வெளிவந்தது. எத்தனை பேர், எத்தனை சி, பிறகு வந்த இரண்டு ஏ. பி இல்லை. அசுத்தமான ஓட்டங்கள் நீக்கப்பட்டன என்று ஒரு வரி. நம் பக்கத்து வரைபடத்தில் அந்த ஒரு புள்ளி விழவில்லை.

99இல், தை முடிந்ததும், ரூபீனா நொச்சிக்குப்பம் ரோட்டோரம் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். யாரோ சொல்லித் தெரிந்திருந்தது. தேசம்மா வஞ்சிரத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

"தாம்பரம் ஆஸ்பத்திரில தான் சொன்னாங்கோ இன்னா வியாதின்னு. ஐப்பசில பூட்டாரு." கத்தி நிற்கவில்லை. "சக்கரன்னு சொல்லி என் ரத்தத்த எடுத்தீங்கோ இல்ல, ரெண்டு பேரும் சேந்து?"

"ஆமாக்கா."

"எனக்கு இல்லியே?"

"அப்ப இல்ல. மறுபடி ஒரு தடவ வந்து பாத்துக்கங்கக்கா."

"தாம்பரத்துலயே பாத்துட்டாங்கோ. இல்லியாம்." மீனின் தலையை ஓரமாகத் தள்ளினாள். "உன்னாண்ட அவருக்கு ஏதோ பாக்கி கீதாமே. கட்ச்சி வரைக்கும் அதே பேச்சு. திங்கக்கிழம அடையாறு போணும், அந்தப் பொண்ணுக்குக் குடுக்கணும், போணும்னு. எழுந்து நிக்க முடியாது, சட்டைய மட்டும் எடுத்து வைக்கச் சொல்லுவாரு. இன்னா குடுக்கணும் உனக்கு? சொல்லு, இருந்தா குடுக்கிறேன்."

"உங்ககிட்ட இல்லக்கா அது" என்றாள் ரூபீனா.

தேசம்மா கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு இரண்டு துண்டு வஞ்சிரத்தைச் செய்தித்தாளில் சுற்றி நீட்டினாள். "எட்த்துக்கினு போ." ரூபீனா வாங்கிக்கொண்டாள்.

அந்தக் கூடத்தில் இப்போது வெளியூர்களிலிருந்து ஆட்கள் பயிற்சிக்கு வருகிறார்கள். திங்கட்கிழமை காலையில் டாக்டர் பத்ரிநாராயணன் வகுப்பெடுப்பார். முன்னறைக்குக் கேட்கும். "இந்த வேலைல கை ரொம்ப முக்கியம். இங்கேயே ஒரு பொண்ணு இருந்தா, பேர் வேண்டாம். மூணு வாரம் தொடர்ந்து நார்மல்ல கோடு வந்தது. கடைசில பாத்தா அவ கையாலதான். கவனமாப் பண்ணினதும் நின்னுடுத்து." சிரிப்புச் சத்தம் வரும்.

ரூபீனா ரப்பர் குழாயை இறுக்கிக்கொண்டிருப்பாள். நாற்காலியில் இருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார். அவள் ஊர் கேட்பதில்லை. பக்கத்து அறைக்கு நடந்துபோய், "இது என்துங்க, அந்தப் பொண்ணு மேல தப்பில்லீங்க" என்று சொல்லவேண்டியவர் இன்னும் சொல்லவில்லை.